நிகழ்ச்சி நிரலின் நான்காவது வரி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைக் கோபத்தில்தான் எழுதுகிறேன். நிதானமான கதை வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

நான் திருப்பூர் ராயபுரத்தில் இருக்கிறேன். இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. அவற்றில் பாதிப் பிரதிகள் என் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கின்றன. எனக்குச் சோறு போடுவது வேறு எழுத்து: பனியன் கம்பெனிகளின் ஆண்டு விழா வரவேற்புரை, முதலாளி வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். இந்த ஊரில் சமீபத்தில் இறைவனடி சேர்ந்தவர்களில் பலபேர் என் வாக்கியத்தில் ஏறித்தான் போயிருக்கிறார்கள்.

போன ஆடியில் அவிநாசிபாளையம் பக்கமிருக்கும் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். (பெயரைச் சொல்ல மாட்டேன். பயம் ஒன்றுமில்லை. அடுத்த விழாவுக்கும் அவர்கள் என்னைக் கூப்பிட வேண்டுமே. பார்த்தீர்களா, கோபக்காரனின் யோக்கியதையை.) அவர்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி தெற்காசியப் பாரம்பரியத்தைக் கொண்டாடுகிறதாம். அந்தக் கம்பெனியிலிருந்து நான்கு பேர் வருகிறார்கள். தொழிலாளர்கள் தங்கள் தங்கள் பாரம்பரியத்தை நடனம், இசை, கதை என்று மூன்று வகையிலும் அவர்களுக்குக் காட்ட வேண்டும். நிகழ்ச்சி நிரலும் தொகுப்புரையும் எழுதிக் கொடுப்பது என் வேலை.

எழுதிக் கொடுத்தேன். கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆனால் நான்கு தடவை வேறெங்கோ ஆரம்பித்துப் பார்த்தேன்.

2

முதல் தொடக்கம்: "நானூறு தையல் மெஷின்களும் ஒரே நொடியில் நின்றபோது..."

நிற்கவில்லை. விழா நடந்த அன்றும் இரண்டாவது மாடியில் ஷிப்மென்ட் வேலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. பொய். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "மினதியின் கண்களில் அன்று ஒரு..."

அவள் கண்களை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. பார்த்தே ஆக வேண்டிய நேரம் ஒன்று வந்தது. அப்போது நான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஆறாம் பகுதியில் வரும். இப்போதைக்கு இந்த வரியும் வேண்டாம்.

மூன்றாவது: "கலைக்கு எல்லைகள் இல்லை."

இது தொகுப்புரை வாசனை. கை பழகிப்போயிற்று. இதே வரியைப் பதினோரு மேடைகளுக்கு விற்றிருக்கிறேன்.

நான்காவதைச் சொல்ல மாட்டேன். அதில் நான் நல்லவனாக வருகிறேன்.

3

மினதி செக்கிங் பிரிவில் வேலை செய்கிறாள். தைத்து வந்த பனியனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டையோ தையல் விட்டதோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். ஒடிசாவில் பலாங்கீர் பக்கம் அவள் பிறந்த ஊர். பதினேழு வயதில் இங்கே வந்தவளுக்கு இப்போது இருபத்தாறு. அவள் தமிழைக் கேட்டால் காங்கேயத்தில் பிறந்தவள் என்றுதான் நினைப்பீர்கள். ஒரே டேபிளில் எதிரே நிற்கும் பழனாயியிடமிருந்து பிடித்துக்கொண்ட தமிழ் அது. பழனாயிக்கு நாற்பத்தைந்து வயது, வாய் ஓயாது.

அந்தக் கம்பெனிப் பெண்கள் நாற்பது பேர், ஞாயிற்றுக்கிழமை காலைகளில், பார்க்கிங் செட்டில் வள்ளிக் கும்மி கற்றுக்கொண்டிருந்தார்கள். யாரும் சொல்லி ஆரம்பித்ததல்ல, அவர்களாகவே கூடியது. வாத்தியார் மகுடேஸ்வரன் வார நாளில் துணி ரோல் ஏற்றும் டெம்போ ஓட்டுகிறவர். அவர் மைக்கில் ஒரு அடி பாடுவார். பெண்கள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே அதை வாங்கிப் பாடிக் கை கொட்டுவார்கள். சில அடவுகளில் இரண்டிரண்டு பேராகத் திரும்பி எதிரெதிரே கொட்ட வேண்டும். பழனாயிக்கு ஜோடி மினதி.

[ஒரு குறுக்கீடு: கும்மியில் வரும் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். வள்ளி தினைப்புனம் காக்கிறாள். முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாக இருமிக்கொண்டு வந்து தேனும் தினைமாவும் கேட்கிறான். மூன்றும் வேஷம். எந்த ஊர், யார் வீடு என்று ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. கடைசியில் கல்யாணமே நடந்துவிடுகிறது. இதை நான் சொன்ன விதத்தைக் கவனியுங்கள். இது நானாகக் கண்டுபிடித்ததல்ல. யார் சொன்னது என்பது பின்னால் வரும்.]

மூன்று மாதத்தில் மினதிக்கு முழுக் கதையும் மனப்பாடம். அடவில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று மகுடேஸ்வரனே சொன்னார். "கால் சுத்தமா வருதுங்க அந்தப் புள்ளைக்கு. எனக்கே சித்த பொறாமையா இருக்குதுங்க." கும்மியை விழாவில் ஆடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் மினதி ஒன்றே ஒன்றுக்காகத்தான் காத்திருந்தாள். பச்சைச் சேலை கட்டி, அந்த வட்டத்தில், பழனாயிக்கு எதிரே நின்று ஆட வேண்டும். அவ்வளவுதான். இந்தக் கதையில் அதற்கு மேல் யாருக்கும் பெரிய ஆசை எதுவும் இல்லை.

4

இனி நிகழ்ச்சி நிரல். அதை நான் எழுதிய இடம் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. எடுத்துக்கொண்ட நேரம் ஒரு டீ ஆறும் நேரம். செல்போனில் மாநிலத்தின் பெயரை அடித்தால் நடனத்தின் பெயர் வந்து விழுந்தது.

ஒன்று, தமிழ்நாடு: வள்ளிக் கும்மி. இரண்டு, அசாம்: பிஹு நடனம். மூன்று, பீகார்: நாட்டுப்புறப் பாடல். (என்ன போடுவது என்று தெரியவில்லை. நாட்டுப்புறப் பாடல் எந்த ஊருக்கும் பொருந்தும்.) நான்கு, ஒடிசா: ஒடிசி நடனம்.

நேபாளத்திலிருந்து ஒரே ஆள், வாட்ச்மேன். மூட்டு வலிக்காரர். அவரை விட்டுவிட்டேன். தெற்காசியாவில் ஒரு நாடு குறைந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அந்த நான்காவது வரியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எனக்கு மினதியைத் தெரியாது, அவள் கும்மி ஆடுவதும் அப்போது தெரியாது. சரி. ஆனால் கோயில்களிலும் பெரிய மேடைகளிலும் வருடக்கணக்கில் பயின்று ஆடும் ஒரு நடனத்தை, பனியனில் ஓட்டை பார்க்கிற பெண்கள் வெள்ளிக்கிழமை விழாவுக்குள் ஆடிவிடுவார்கள் என்று எந்தப் புத்தியில் எழுதினேன்? தஞ்சாவூர்க்காரன் எல்லாம் வீணை வாசிப்பான் என்று எவனாவது எழுதியிருந்தால் அவன் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டிருப்பேன்.

5

எச்.ஆர். மேனேஜர் சத்யப்பிரியா என் நிரலை எழுத்து மாறாமல் அமல்படுத்தினார். அவரை வில்லியாக்கி ஒரு பத்தி எழுதினேன். கூலிங்கிளாஸ் எல்லாம் போட்டுவிட்டேன். பிறகு அடித்துவிட்டேன். முப்பது வயதுப் பெண். காலை எட்டு மணிக்கு வந்து, எல்லாருடைய குறையையும் கேட்டு, டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போகிறவர். அவர் செய்தது இதுதான்: தொழிலாளர் பட்டியலை எடுத்தார். ஆதார் அட்டையில் எந்த மாநில முகவரியோ அந்த மாநில நடனத்தில் அவரவர் பெயரைச் சேர்த்தார். சைஸ் வாரியாகப் பனியன் பிரிக்கிற வேகத்தில் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்.

மினதி பெயர் நான்காவது வரிக்குப் போயிற்று.

அன்று செக்கிங் டேபிளில் நடந்ததைப் பழனாயி எனக்குப் பிறகு சொன்னாள். அவள் சொன்னபடியே தருகிறேன்.

"ஏனுங்க மேடம், ஜோடியப் பிரிச்சுப் போட்டா நான் ஆரோடங்க கொட்டறது?"

"வேற ஆள் போட்டுத் தர்றனுங்கக்கா. மெர்ச்சண்டைசிங் செக்சன்ல வர்ஷினி ஃப்ரீயாத்தான் இருக்கு."

"அந்தப் புள்ள ஒரு ஞாயித்துக்கெழமகூட வந்ததில்லீங்களே."

"டைவர்சிட்டி காட்டணும்ங்கக்கா. பையர் குடுத்த ஃபார்மட்லயே ஸ்டேட்டுன்னு தனிக் கட்டம் இருக்குது. எல்லாரும் கும்மியே ஆடுனா நான் அந்தக் கட்டத்துல என்னத்த எழுதறது?"

பிறகு மினதியைப் பார்த்துக் கேட்டாராம். "மினதி, உங்க ஊரு டான்ஸ் ஆடறதுல உனக்குப் பெருமைதான?"

"அது பெரிய படிப்பு படிச்சவங்க ஆடறதுங்க மேடம். நான் டிவிலதானுங்க பாத்திருக்கறேன்."

"அப்ப உனக்குத் தெரிஞ்ச உங்க ஊரு டான்ஸ் எது?"

"சின்னப் புள்ளைல என்னமோ ஆடுனனுங்க, மறந்து போச்சு. இப்ப எனக்குத் தெரிஞ்சது இதுதானுங்க." இரண்டு கையையும் சேர்த்து ஒரு தரம் கொட்டிக் காட்டினாளாம்.

சத்யப்பிரியா சிரித்துவிட்டு, யூடியூபில் ஒரு வீடியோ அனுப்புவதாகச் சொல்லிப் போய்விட்டார். மகுடேஸ்வரன் மறுநாள் ஆபீசுக்குப் போய் ஒரு வார்த்தை பேசிப் பார்த்தார். "ஆட்டத்துக்குக் கால்தானுங்க வேணும், அட்டை எதுக்குங்க" என்றாராம். டெம்போவை லோடு இறக்கும் இடத்தில் மறித்து நிறுத்தியிருப்பதாக யாரோ சத்தம் போட்டார்கள். அவர் ஓடிவிட்டார்.

6

இந்தப் பகுதியை எழுதாமல் ஏழுக்குத் தாவிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எண்ணைச் சரியாகப் போட்டுவிட்டால் யாரும் கண்டுபிடிக்க மாட்டீர்கள்.

புதன்கிழமை மதியம். தொகுப்புரையைப் படித்துக் காட்ட கம்பெனிக்குப் போயிருந்தேன். தண்ணீர்த் தொட்டி பக்கம் நின்று போனில் யாருக்கோ கண்ணீர் அஞ்சலி அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து நின்றாள். கழுத்தில் அடையாள அட்டை, விரல் நுனியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்.

"அண்ணா, அந்தப் பேப்பரு நீங்க எழுதுனதுங்களா?"

"ஆமா கண்ணு."

"நாலாவது வரிய மட்டும் எடுத்துருங்கண்ணா. வேற ஒண்ணும் வேண்டாம். அது இல்லீன்னா நான் பேசாம பழனாயியக்கா பக்கத்துல போயி நின்னுக்குவேன்."

"மேடம் அப்ரூவ் பண்ணிட்டாங்களே கண்ணு."

"நீங்க எழுதுனதுதானுங்க?"

நான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் பேனா இருந்தது, பையில் அந்தக் காகிதமும் இருந்தது. சத்யப்பிரியா இருபதடி தூரத்தில் இருந்தார். "மேடம், நான் தப்பா எழுதிட்டனுங்க, அந்த வரி வேண்டாம்" என்று நான் போய்ச் சொல்லியிருந்தால் அவர் எடுத்திருப்பார். சத்தியமாக எடுத்திருப்பார். எழுதின ஆளே தப்பு என்றால் அவருக்கென்ன?

"அடுத்த தடவ பாத்துக்கலாம் கண்ணு" என்றேன்.

அவள் போகவில்லை. பிறகு சொன்னாள்: "வேசம் போட்டு ஏமாத்த வந்த முருகனையே எந்தூருன்னு கேக்காம பொண்ணக் குடுத்தாங்க. எனக்கு ஒரு ஆளு நிக்கற எடம் குடுத்தா என்னங்கண்ணா?"

நான் நிமிர்ந்தேன். அவளைப் பார்க்கவில்லை, அந்த வரியைப் பார்த்தேன். "நல்லாச் சொன்ன போ. இத நான் தொகுப்புரைல சேத்துக்கறேன்" என்றேன்.

சேர்த்தும்விட்டேன்.

(இங்கே சில கெட்ட வார்த்தைகள் இருந்தன. என்னைப் பற்றியவை. அச்சுக்கு ஆகாது என்று எடுத்துவிட்டேன்.)

7

விழா. கட்டிங் பகுதியைக் காலி செய்து மேடை போட்டிருந்தார்கள். விருந்தினர் நான்கு பேருக்கும் மல்லிகை மாலை. முதலாளி பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்தார்.

ஒடிசா முறை வந்தபோது நான் எழுதியதை அறிவிப்பாளர் குரல் தழுதழுக்கப் படித்தார்: "தன் மண்ணின் கலையை ரத்தத்திலேயே சுமந்து வந்த ஒடிசாவின் புதல்விகள்." அந்த ரத்தம் நான்கு நாள் செல்போன் பார்த்துப் பழகியது. கோயம்புத்தூரிலிருந்து வாடகைக்கு வந்த உடை. மினதிக்கு அது இரண்டு சைஸ் பெரியது. முதுகு நெடுகிலும் ஊக்கு. தலையில் வெள்ளைக் கிரீடம் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. மினதியோடு சேர்த்து நான்கு பெண்களும் மூன்று நிமிடம் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கையை மாற்றி மாற்றி வைத்தார்கள். விருந்தினர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். போட்டோ எடுக்க வேண்டும், உடையைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லி நான்கு பேரையும் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள்.

நிரலில் முதலில் இருந்த கும்மியை மட்டும் கடைசிக்கு மாற்றியிருந்தார்கள். நாற்பது பச்சைச் சேலை. பழனாயிக்கு எதிரே வர்ஷினி. பாவம், நல்ல பெண், நான்கு நாளில் அவளுக்கு எவ்வளவு வரும்? ஜோடி திரும்பும் அடவில் இடதுக்குப் பதில் வலதில் திரும்பிப் பழனாயியின் நெற்றியில் மோதினாள். பழனாயி தன் பின்னால் வந்தவள் மேல் மோத, வட்டம் அந்தப் பக்கம் நசுங்கிப்போயிற்று. மகுடேஸ்வரன் பாட்டை விடாமல் ராகத்திலேயே "அந்தப் பக்கம் திரும்பு கண்ணு" என்று சேர்த்துப் பாடினார். அதுவும் ஒரு அடவு என்று நினைத்து விருந்தினர்கள் தட்டினார்கள்.

அப்போதுதான் அறிவிப்பாளர் படித்தார். "வேடம் போட்டு வந்தவனுக்கும் ஊர் கேட்காமல் இடம் கொடுத்த மண், எங்கள் கொங்கு மண்."

அன்றைக்கு அதிகக் கைதட்டல் அந்த வரிக்குத்தான். முதலாளி திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் கும்பிட்டேன். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் மினதி வாடகைக் கிரீடத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

8

உங்களுக்கு முடிவு வேண்டும். எனக்கும் வேண்டும். மூன்று எழுதினேன்.

முதல் முடிவு. மினதி கிரீடத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வட்டத்துக்குள் பாய்கிறாள். கும்மி சீராகிறது. விருந்தினர் கண் கலங்குகிறார்கள். சத்யப்பிரியாவும் அழுகிறார்.

இது கம்பெனி வீடியோவுக்குத்தான் லாயக்கு. இதை முதலாளியிடம் கொடுத்தால் பின்னணி இசையோடு அவரே வெளியிடுவார். நீங்களும் படித்துவிட்டு, நெஞ்சு குளிர்ந்து, போர்வையை இழுத்து மூடித் தூங்கிவிடுவீர்கள். தர மாட்டேன்.

இரண்டாவது. பழனாயி பாதி ஆட்டத்தில் வட்டத்தை விட்டு வெளியே வந்து மினதிக்கு எதிரே நின்று கை கொட்டுகிறாள். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் வருகிறார்கள்.

இதைப் பழனாயியிடம் படித்துக் காட்டினேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எங்கீங்க வெளிய வந்தேன்? வந்திருந்தா அடுத்த நாளு வேல இருந்திருக்குமா? செய்யாதத செஞ்சேன்னு எழுதுனா, அந்தப் புள்ள மொகத்துல நான் எப்படிங்க முழிப்பேன்?" அடித்துவிட்டேன்.

மூன்றாவது. புதன்கிழமை மதியத்துக்கே போய், நான் அந்த வரியை எடுத்துவிடுகிறேன்.

காகிதத்தில் எவ்வளவு லேசாக வருகிறது பாருங்கள். ஒரு கோடுதான். இழுத்துப் பார்த்தேன். அன்றைக்கு ஏன் இழுக்கவில்லை? சோம்பல். பயம்கூட இல்லை, வெறும் சோம்பல்.

9

போன ஞாயிற்றுக்கிழமை காலை மினதி குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் போய் எட்டுப் பகுதிகளையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பழனாயியும் வந்திருந்தாள். அது கும்மிப் பழக்க நேரம். இரண்டு பேரும் வீட்டில் இருந்தார்கள்.

"நீ போகலியா?" என்று மினதியிடம் கேட்டேன்.

"இப்பப் போறதில்லீங்கண்ணா."

"வாத்தியாரு ரெண்டு தடவ போன் பண்ணிட்டாருங்க. போக மாட்டீங்கறா. அவ போகலீன்னு நானும் போறதில்லீங்க" என்றாள் பழனாயி.

"ஏன் கண்ணு?"

மினதி சொன்னாள்: "முன்னெல்லாம் அங்க போனா, மினதி வந்துட்டா, எடம் உடுங்கம்பாங்க. இப்ப ஒடிசாக்காரி வந்துட்டாங்கறாங்க. கேலிக்கு இல்லீங்க, அன்பாத்தான் சொல்றாங்க. மேடைல அப்படித்தான பாத்தாங்க. வட்டத்துல நின்னப்ப எந்தூருன்னு யாருமே கேட்டதில்லீங்கண்ணா. ஒம்பது வருசத்துல அந்த ஒரு எடத்துலதான் கேக்காம இருந்தாங்க."

நான் காகிதங்களை மடித்துக்கொண்டே, கதையில் ஏதாவது மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். வழக்கமாகக் கேட்பதுதான். காதுகுத்துப் பத்திரிகைக்கும் கேட்பேன்.

"எம்பேரு இருக்கட்டுங்க. நீங்க அடுத்தவங்க வரிய எடுத்துப் போட்டதும் இருக்கட்டும்" என்றாள். பழனாயி சிரித்தாள், மினதி சிரிக்கவில்லை. "ஊரு பேர மட்டும் எல்லா எடத்துலயும் எடுத்துருங்க."

"எடுத்தாக் கதையே புரியாதே கண்ணு."

"ஊரு பேரு இல்லாம ஆட்டம் புரிஞ்சுதுங்களே."

இந்த முறை அவள் கண்களைப் பார்த்தேன். அவள் கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் காத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்த் தொட்டி பக்கத்திலும் இப்படித்தான் காத்திருந்திருப்பாள்.

வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன். மூன்றாம் பகுதியில் எடுத்தேன், கதை நொண்டியது. நான்காம் பகுதியில் எடுத்தேன், என் தப்பே காணாமல் போயிற்று. ஐந்து, ஏழு, எதிலும் முடியவில்லை. ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதி வைத்தேன். ஆக, இரண்டாவது தடவையும் அவள் கேட்டதை நான் செய்யவில்லை. நீங்கள் இப்போது படித்து முடித்திருப்பது அவள் வேண்டாம் என்று சொன்ன கதையைத்தான்.

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. அது உங்களிடம் இருக்கிறது. நாளைக்கோ நாளன்றைக்கோ, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமோ வீட்டில் சாப்பிடும்போதோ இதைச் சொல்வீர்கள். "நேத்து ஒரு கதை படிச்சேன். திருப்பூர்ல ஒரு..." என்று ஆரம்பிப்பீர்கள்.

அந்த "ஒரு"வுக்கு அடுத்து என்ன சொல்லப் போகிறீர்கள்?